தவளைக்குத் திறந்த குளம்

"தலித் கவிதை கத்துகிறது, ஹைக்கூ மௌனமாக இருக்கிறது. தலித் கவிதையில் ரத்தமும் மலமும் வசவும். ஹைக்கூவில் பூவும் பனித்துளியும் தியானமும்." தமிழில் 1980களில் ஹைக்கூத் தொகுப்புகள் வரத்தொடங்கியதிலிருந்து இப்படியொரு தராசை இலக்கியக் கனவான்கள் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். சேரியிலிருந்து எழுத வருகிற பிள்ளைகளைப் பார்த்து, "கோபத்தக் கொறைங்க தம்பி, மூணு வரியில இயற்கைய எழுதிப் பழகுங்க, மனசு சுத்தமாகும்" என்று உபதேசம் வேறு. சுத்தம் என்கிற சொல்லை யார் யாரைப் பார்த்துச் சொல்லிவந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஆகவே, இந்தச் சுத்தமான வசந்தத்தின் பூர்வீகத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம்.

1916இல் பாரதி 'சுதேசமித்திர'னில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியதிலிருந்து அந்த வடிவம் நமக்கு அறிமுகம். பாஷோ 1686இல் எழுதிய பழைய குளம், தவளை கவிதையைத் தெரியாத தமிழ்க் கவிஞர் கிடையாது. ஆனால் அந்தத் தவளை சும்மா குதிக்கவில்லை. ஹைக்கூவில் பருவச்சொல் ஒன்று இருந்தாக வேண்டும் என்பது மரபு. எந்தச் சொல் எந்தப் பருவம் என்று பட்டியல் போட்ட அகராதிகளே அங்கு உண்டு. அந்தப் பட்டியலில் தவளை வசந்தத்துக்குரியது. நம்ம ஊரில் தவளை கத்தினால் மழை. அங்கே தவளை வந்தால் வசந்தம். ஆக, தானாகப் பூத்த 'தூய இயற்கை' என்று எதுவும் இல்லை. எது இயற்கை, எது அழகு, எது கவிதைக்குள் வரலாம் என்று மனிதர்கள் உட்கார்ந்து போட்ட பட்டியல்தான் அது. பட்டியல் என்றால் உள்ளே சிலர், வெளியே சிலர். வெளியே யார் இருந்தார்கள்?

தொக்குகவா ஆட்சிக்கால (1603–1868) ஜப்பானில் செத்த மாட்டைத் தூக்கியவர்கள், தோலுரித்துப் பதனிட்டவர்கள், கொலைக்களத்தில் வேலை செய்தவர்கள் 'எத்தா' என்று ஒதுக்கப்பட்டார்கள். அந்தச் சொல்லை எழுதும் எழுத்துகளுக்கு 'அழுக்கு மிகுந்தது' என்று பொருள். இன்னொரு கூட்டத்துக்கு 'ஹினின்' என்று பெயர். மனிதரல்லாதவர் என்று அர்த்தம். தனிக் குடியிருப்பு, தனிக் கோயில். திருவிழாவில் முழங்கும் முரசுக்குத் தோல் மட்டும் இவர்களுடையது. முரசு புனிதம், முரசு கட்டியவன் தீட்டு. நம்ம கதை மாதிரியே இருக்குல்ல?

இந்த ஜப்பானில்தான் இஸ்ஸா (1763–1828) வாழ்ந்தார். விவசாயி மகன். சின்ன வயதில் தாயை இழந்து, பிழைக்க எதோ நகரத்துக்கு விரட்டப்பட்டவர். 1819இல் அவருடைய பெண்குழந்தை அம்மை வார்த்துச் செத்தது. அந்த ஆண்டைப் பற்றிய அவருடைய புத்தகத்தின் பெயரே 'என் வசந்தம்'. கடைசியில் வீடு தீப்பிடித்து எரிந்து, மண்சுவர்க் கிடங்கில் கிடந்து செத்தார். ஈ, பேன், சிட்டுக்குருவி மேல் கருணை காட்டிய கவி என்று நம்மவர்கள் உருகுகிறார்கள். சரி. ஆனால் எத்தாக்களின் குடியிருப்பும் இஸ்ஸாவின் ஹைக்கூக்களில் வருகிறது. ஒதுக்கப்பட்டவன் வாசலிலும் பூப் பூக்கிறது என்பதைப் பார்த்த கண் அவருக்கு இருந்திருக்கிறது. நம் கைக்கு வந்து சேர்ந்ததோ பெரும்பாலும் ஈயும் தவளையும்தான். ஈக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பு எத்தாவுக்குக் கிடைக்கவில்லை. இது தற்செயலா?

அடுத்து ஆன்மிகம். வசந்தத்தில் ஆன்மா துளிர்க்கிறது, ஜென் அமைதி கிடைக்கிறது என்கிறார்கள். நாம் பௌத்தத்துக்கு எதிரிகள் அல்ல. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கம் கண்டதும், 1956இல் நாகபுரியில் பாபாசாகேப் பௌத்தம் தழுவியதும் நம்முடைய வரலாறு. புத்தரை யாருக்கும் விட்டுக்கொடுக்கப்போவதில்லை. அதனால்தான் கேட்கிறோம். ஜப்பானில் ஒருவர் செத்தால் பௌத்த குரு அவருக்குப் புதுப்பெயர் சூட்டுவார். கல்லறையில் அதைச் செதுக்குவார்கள். ஒதுக்கப்பட்ட மக்களுக்குச் சூட்டிய பெயர்களில் மிருகம், இழிந்தவன், தோல் என்று பொருள்படும் எழுத்துகளைச் சேர்த்தார்கள். உயிரோடு இருக்கும்போது சேரி, செத்த பிறகு கல்லிலும் சேரி. 1979இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்த உலக சமய மாநாட்டில் ஸோட்டோ ஜென் பிரிவின் தலைவர் ஒருவர், ஜப்பானில் இப்படிப்பட்ட பாகுபாடே இல்லை என்று பேசினார். போராட்டம் கிளம்பிய பிறகுதான் அந்தப் பிரிவு தவறை ஒப்புக்கொண்டது, கல்லறைப் பெயர்களைத் தேடிப்பார்த்துத் திருத்தும் வேலையும் நடந்தது. மௌனம் அழகானது என்கிறவர்களே, இதுவும் மௌனந்தான்.

1871இல் எத்தா, ஹினின் என்கிற பெயர்களை அரசு ஆணை ஒழித்தது. பெயர் போச்சு, இழிவு போகலை. 'புதுக் குடிமக்கள்' என்று வேறு பட்டம் கொடுத்து அடையாளம் காட்டினார்கள். நூறு வருசம் கழித்து 1975இல், ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளின் முகவரிப் பட்டியலைக் கம்பெனிகள் ரகசியமாக வாங்கி, வேலைக்கு வருகிறவர்களைச் சலித்துப் பார்த்தது அம்பலமானது.

அந்த மக்கள் சும்மா கிடக்கவில்லை. 1922 மார்ச் 3ஆம் தேதி கியோத்தோ நகரில் கூடி 'சுய்ஹெய்ஷா' என்கிற அமைப்பைத் தொடங்கினார்கள். தண்ணீரின் மட்டத்தைப்போல எல்லோரும் சமம் என்பது அந்தப் பெயரின் பொருள். கறுப்புத் துணியில் ரத்தச் சிவப்பு முள்முடி, அவர்களுடைய கொடி. அறிக்கையை எழுதிய சய்கோ மங்கிச்சி ஒதுக்கப்பட்டவர்களின் பௌத்தக் கோயிலில் பிறந்தவர். மனிதர்களின் உலகத்துக்கு வெப்பமும் வெளிச்சமும் வேண்டும் என்று கேட்டு முடிகிறது அந்த அறிக்கை. குளிர் முடிகிற மார்ச் மாதத்தில், மனிதனே இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் வெப்பம் கேட்டார்கள். எந்த ஹைக்கூத் தொகுப்பும் இதை வசந்தத்தில் சேர்க்கவில்லை.

ஐந்து வருசம் கழித்து, அதே மார்ச் மாதம், 1927 மார்ச் 20. மகாராஷ்டிரத்தின் மகாடு நகரில் சவதார் குளம். எல்லோருக்கும் பொது என்று நகராட்சி 1924இலேயே தீர்மானம் போட்டிருந்தும் தீண்டப்படாதவன் இறங்க முடியாத குளம். மாடு குடிக்கலாம். தவளை குதிக்கலாம். அம்பேத்கர் ஊர்வலமாகப் போய் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். பின்னாடியே அடிதடி. குளம் தீட்டாச்சு என்று 108 குடம் சாணி, மூத்திரம், பால், தயிர் கலந்து ஊற்றிச் சுத்தம் செய்தார்கள். பழைய குளத்தில் கேட்ட சத்தத்தைத் தியானிக்கிறவர்கள் இந்தக் குளத்தில் கேட்ட சத்தத்தையும் தியானிக்கட்டும்.

வசந்தத்துக்கு அரசியல் கிடையாது என்கிற கதையை ஜப்பான் அரசே நம்பவில்லை. பருவச்சொல்லைத் தூக்கிப்போட்டு யுத்தத்தைப் பற்றி ஹைக்கூ எழுதிய கவிஞர்களை 1940இல் போலீஸ் கைது செய்தது. அதே அரசின் ராணுவம் 1945இல் தற்கொலைத் தாக்குதல் விமானம் ஒன்றை 'ஓகா', அதாவது செர்ரிப்பூ என்று பெயர் வைத்துப் பறக்கவிட்டது. பூவைக் குண்டுக்குச் சூட்டினால் தேசபக்தி, ஹைக்கூவிலிருந்து பூவை எடுத்தால் குற்றம்!

குறுங்கவிதையை எரிக்கச் சொல்லவில்லை. நம்ம சனங்களுக்கு ரெண்டு வரியில் உலகத்தைச் சொல்லத் தெரியும். விடுகதையும் சொலவடையும் ஒப்பாரியும் யார் வீட்டுச் சொத்து? ஆனால் செர்ரிப்பூவையும் பனியையும் இரவல் வாங்கி எழுதி, அதற்கு ஆன்ம சுத்தி என்று பேர் வைப்பது கேலிக்கூத்து. நம்ம இளவேனில் சித்திரையும் வைகாசியும். புங்கை பூக்கும், வேம்பு பூக்கும், இலவம்பஞ்சு வெடித்துப் பறக்கும். அறுப்பு முடிந்து கூலிவேலை இல்லாத மாசமும் அதுதான். கிணறு வற்றிக் குடம் வரிசையில் நிற்கும். மாரியம்மனுக்குக் கொடியேறும், எத்தனையோ ஊரில் தேர் சேரித் தெருவுக்குள் வராது, பறை மட்டும் தேருக்கு முன்னால் போக வேண்டும். பாபாசாகேப் பிறந்த ஏப்ரல் 14உம் இந்தச் சித்திரையில்தான் வருகிறது. இவ்வளவும் நம்முடைய பருவச்சொற்கள். இவற்றை எழுதினால் கத்தல் என்பார்கள். சொல்லிட்டுப் போகட்டும்.

எழுத வரும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூணு வரியில் எழுதுங்கள், ஒரு வரியில்கூட எழுதுங்கள். பூவை எழுதும்போது அது யார் வீட்டு வாசலில் பூத்தது என்பதை விட்டுவிடாதீர்கள். குளத்தை எழுதும்போது அதில் யார் இறங்கக் கூடாது என்று கேளுங்கள். நம்ம ஆன்மா அழுக்காகக் கிடக்கவில்லை, அதை யாரும் கழுவித்தர வேண்டியதில்லை. கழுவ வேண்டியது அந்தப் பட்டியலைப் போட்டவர்களின் மூளையை.