கிருமி போடும் முடிச்சு

முள்ளிப்பட்டில் தறி வைத்திருக்கும் இல்லங்களுக்கு முடிச்சின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பழைய பாவின் இழையோடு புதிய பாவின் இழையை ஒவ்வொன்றாகப் பிணைத்தால்தான் நெசவு தொடரும். உடலைத் தாக்கும் கிருமிகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. பற்றி நிற்க இடம் கிடைக்காத கிருமியை உடல் பெரும்பாலும் வெளியேற்றிவிடும். பற்றிக்கொண்ட கிருமியே தொல்லை விளைவிக்கும்.

பட்டு நூல் புடவைக்கு மட்டுமன்றி, அறுவைப் புண்ணைத் தைக்கவும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவதாகும். 1957-ல் இங்கிலாந்தில் எலெக், கோனென் என்னும் இருவர், தாமாக முன்வந்த மனிதரிடம் ஒரு சோதனை நடத்தினர். தோலில் சீழ் பிடிக்கப் பல இலட்சம் ஸ்டாபிலோகாக்கஸ் கிருமிகளைச் செலுத்த வேண்டியிருந்தது. அவ்விடத்தில் பட்டுத் தையல் இருந்தபோதோ, சில நூறு கிருமிகளே போதுமாயின!

இது பட்டின் குற்றமன்று. உடலினுள் வைக்கப்படுவது நூலாயினும், குழாயாயினும், செயற்கை இதய வால்வாயினும், சிறிது நேரத்திற்குள் நம் இரத்தத்திலுள்ள புரதங்கள் அதன்மீது படிந்துவிடுகின்றன. அவற்றுள் ஒன்று, இரத்தம் உறைவதற்கு உதவும் பிப்ரினோஜன். நம்மைக் காக்கும் அப்புரதமே கிருமிக்குப் பிடிமானமாகிவிடுகிறது.

அந்தப் பிடி எத்தகையது? நம் தோலில் சாதாரணமாகத் தீங்கின்றி வாழும் ஸ்டாபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்னும் கிருமியை ஆராய்ந்து, 2003-ல் ஒரு குழுவினர் இதற்கு விடை கண்டனர். அவ்வாய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியரான பொன்னுராஜ், பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். கிருமியின் மேற்புறப் புரதத்தில் ஒரு பள்ளம் உள்ளது. பிப்ரினோஜனின் நுனி அதனுள் நுழைந்ததும், கிருமிப் புரதத்தின் வால் போன்ற பகுதி அதன்மேல் மடிந்து, அருகிலுள்ள இடுக்கில் செருகிக்கொள்கிறது. கதவைச் சாத்தித் தாழிட்டது போலாகிறது! 2018-ல் ஜெர்மனியின் மியூனிக் நகர ஆய்வாளர் இப்பிணைப்பை இழுத்து அளந்தபோது, அணுக்களைக் கோத்து நிற்கும் வேதிப்பிணைப்புக்கு ஏறத்தாழ நிகரான வலிமை அதில் காணப்பட்டது.

பற்றிய கிருமிகள் பெருகி, பிசின் போன்ற படலத்தைத் தம்மைச் சுற்றி அமைத்துக்கொள்கின்றன. அதன்பின் மருந்து எளிதில் பலிப்பதில்லை. பல வேளைகளில் உள்ளே வைத்த பொருளையே அகற்ற நேரிடுகிறது.

ஆகவே, முடிச்சு விழுமுன் தடுப்பதே அறிவுடைமை. தையலோடு வீடு திரும்பியவரின் கட்டையோ, அவருக்குப் பொருத்தியுள்ள குழாயையோ, சோப்பிட்டுக் கை கழுவாமல் தொடலாகாது. மஞ்சள், எண்ணெய், காப்பித்தூள் முதலியவற்றைப் புண்ணில் அப்புதல் வேண்டா. தையல் பிரிக்கக் குறித்த நாளில் தவறாது செல்லுதல் வேண்டும். சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவரை நாடுவோமாக.

"பாவு பாதியில் கிடக்கிறதே, அடுத்த வாரம் போகலாம்" என்று சிலர் நாள் கடத்துவதுண்டு. ஒரு நாள் தறி நின்றால் போவது ஒரு நாள் கூலி. பற்றிய கிருமியை விட்டுவைத்தாலோ, பல வாரங்கள் தறியில் அமர இயலாது போகலாம்.