மனையை விற்பதற்கு முன்னால்...

மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன் செய்தார். "திருக்கழுக்குன்றத்துல ஒரு மனை இருக்கு சார். வித்துடலாம்னு பாக்கறேன். பையனுக்கு மூளையில பேட்டரி வெக்கணுமாம்."

பையனுக்கு 24 வயது. தினம் நாலு மணி நேரம் கை கழுவுகிறான். தோல் உரிந்து ரத்தம் வந்தாலும் நிறுத்த முடியவில்லை. கையில் அழுக்கு இல்லை என்பது அவனுக்கே தெரியும். தெரிந்தும் விட முடியாததுதான் ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோய். நாம்தான் 'ரொம்ப சுத்தக்காரன்' என்று சிரித்துவிட்டுப் போகிறோம்.

"எந்த மருந்துக்கும் அடங்காத கேஸ்னு சொல்லிட்டாங்க சார்."

இதுவரை என்ன மருந்து என்று கேட்டேன். மூன்று வருடம் மந்திரித்த கயிறு. அப்புறம் ஒரே ஒரு மாத்திரை, ஒரு மாதம். தூக்கம் வருகிறது என்று அதையும் நிறுத்தியாச்சு. அவ்வளவுதான்!

இது அடங்காத நோயா, கொடுக்காத வைத்தியமா?

டி.பி.எஸ். எனப்படும் ஆழ்மூளைத் தூண்டல் மோசடி இல்லை. மண்டை ஓட்டில் துளையிட்டு, மெல்லிய கம்பிகளை மூளையின் ஆழத்தில் இறக்கி, மார்புத் தோலுக்கு அடியில் வைத்த கருவியிலிருந்து மின்சாரம் அனுப்புகிறார்கள். பார்க்கின்சன் நோய்க்குப் பல வருடமாகச் செய்வதுதான். ஓ.சி.டி.க்குப் பலன் தருகிறது என்று 1999-ல் எழுதியவர்கள் பெல்ஜியம் டாக்டர்கள். 2009-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. மனிதாபிமான விதிவிலக்கு என்ற குறுகிய வாசல் வழியாக அனுமதி தந்தது. செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு நல்ல பலன். பலன் என்றால் நோய் கணிசமாகக் குறைவது; பறந்துபோவதல்ல. ரத்தக்கசிவு, தொற்று ஆபத்தும் உண்டு.

ஆனால் யாருக்கு? வருடக்கணக்கில் அவதிப்பட்டு, இரண்டு மூன்று மருந்துகளை முழு அளவில் தலா மூன்று மாதம் சாப்பிட்டு, அழுக்கைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் உட்காரப் பழக்கும் ஈ.ஆர்.பி. பயிற்சியையும் முடித்து, எதுவுமே உதவாத சிலருக்கு. அது கடைசிக் கதவு. இந்தப் பையன் முதல் கதவையே இன்னும் சரியாகத் தட்டவில்லை.

நான் படித்தது பி.காம். மனையை விற்றுக் கருவி வாங்குவது மூலதனச் செலவு. சாதாரண பேட்டரி சில வருடங்களில் தீரும், மறுபடி ஆபரேஷன். மின்சார அளவைச் சரிசெய்ய மாதக்கணக்கில் அலைய வேண்டும். இந்த நடப்புச் செலவுக்கு எந்த மனையை விற்பார்?

மனதுக்காக மூளையில் கை வைப்பது நமக்குப் புதிதல்ல. சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி.ராமமூர்த்தி, வி.பாலசுப்ரமணியம், டி.எஸ்.கனகா ஆகியோர் 1960, 70-களில், மூர்க்கமாக நடந்துகொள்பவர்களின் மூளையில் 'அமிக்டலா' பகுதியைச் சிதைக்கும் அறுவைகளை நூற்றுக்கணக்கில் செய்தார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. திறமைசாலிகள்தான், சந்தேகமில்லை. ஆனால் நோயாளியின் சம்மதம் பற்றி அன்றிருந்த 1912-ம் வருடச் சட்டம் வாயே திறக்கவில்லை.

இன்று சட்டம் பேசுகிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 96-வது பிரிவுப்படி, மனநோய்க்காக மூளை அறுவை செய்ய நோயாளியின் சம்மதம் வேண்டும். மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். டி.பி.எஸ். மூளையைச் சிதைப்பதில்லையே, அதற்கும் இது பொருந்துமா என்று வாதாடுபவர்கள் உண்டு. மண்டையில் துளை போடுகிற எதற்கும் பொருந்தட்டும் என்பதே என் கட்சி. சம்மதிக்க வேண்டியவன் பையன்; மனைக்குச் சொந்தக்கார அப்பா அல்ல.

2015-16 தேசிய மனநல ஆய்வு, மனநோயாளிகளில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றது. செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் ஈ.ஆர்.பி. தெரிந்த ஒரு உளவியலாளரை உட்கார வையுங்கள். அதற்குப் பிறகும் அடங்காதவர்களுக்கு அரசு செலவிலேயே பேட்டரி வையுங்கள். அதுவரை 'அடங்காத கேஸ்' என்று யாரையும் சொல்லாதீர்கள்.

மனை இன்னும் விற்கவில்லை. பையன் இப்போது மருந்தை முழு அளவில் சாப்பிடுகிறான். ஒன்பதாவது வாரம். "மூணே கால் மணி நேரம் ஆகியிருக்கு சார்" என்றார் நண்பர். முக்கால் மணி நேரம் லாபம்!