உறுமி கோயில் வாசலோடு நின்றுவிட வேண்டுமா?

லுக்குட் வட்டாரத் தோட்டங்களில் திருவிழா என்றால் முதலில் காதில் விழுவது உறுமியின் ஓசைதான். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து வீடுகள் காலியாகி, குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. ஆனாலும் ஆண்டுக்கு ஒரு முறை தோட்டத்துக் கோயிலில் கரகம் புறப்படும்போது, எங்கெங்கோ வேலை செய்யும் பிள்ளைகள் உறுமியும் தப்பும் எடுத்துக்கொண்டு வந்து சேர்கிறார்கள். அந்த ஒரு நாள் முடிந்த பிறகு அந்த வாத்தியங்களை நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

நான் இந்தத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவன். மிருதங்கமோ வயலினோ கற்கும் பிள்ளையை வந்தவர்களிடமெல்லாம் பெருமையாக அறிமுகப்படுத்துவதையும், உறுமிக் குழுவில் இருக்கும் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவதையும் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். உறுமி அடிக்கிற பையன் என்றால் படிக்காதவன், கும்பலோடு சுற்றுகிறவன் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். இந்த எண்ணம் மாற வேண்டும். உறுமி பள்ளிக்குள்ளும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளும் வர வேண்டும் என்பதே என் கருத்து.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் அன்று. பிரேசிலில் பெரிம்பாவ் என்றொரு வாத்தியம் இருக்கிறது. வில்லாக வளைத்த ஒரு கொம்பு, ஒற்றைக் கம்பி, ஒரு சுரைக்குடுக்கை, அவ்வளவுதான். அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்கர்களோடு அட்லாண்டிக் கடலைத் தாண்டிய கலை மரபு அது. அந்த வாத்தியத்தின் தாளத்துக்கு ஆடப்படும் கபோய்ரா என்ற தற்காப்புக் கலையை 1890ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதே கபோய்ராவை 2014இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றுக்கொண்டது.

இடையில் நடந்தது என்ன? அந்த வாத்தியத்தை நம்பிய கலைஞர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நானா வாஸ்கொன்செலோஸ். 1944இல் ரெசிஃபி நகரில் பிறந்தவர், 2016இல் மறைந்தார். 1980இல் வெளிவந்த ‘சௌதாதிஸ்’ என்ற இசைத்தொகுப்பில் அவர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வானொலி சிம்பொனிக் குழுவினரோடு பெரிம்பாவ் வாசித்தார். அந்தச் சொல்லுக்கு ஏக்கம் என்று பொருள் சொல்லலாம். அதைக் கேட்கும்போது ஒன்று தெளிவாகத் தெரியும். வயலின்கள் எத்தனை இருந்தாலும் ஒற்றைக் கம்பிதான் முன்னால் நிற்கிறது. மற்றவை அதற்குத் துணை.

அதே ரெசிஃபியில் 1994இல் சிக்கோ சயின்ஸ் என்ற இளைஞரும் நசாவ் சும்பி குழுவினரும் தங்கள் முதல் தொகுப்பை வெளியிட்டார்கள். மராக்காட்டு எனும் ஊர்வல மேளத்தோடு ராக் கித்தாரையும் ராப் பாட்டையும் சேர்த்தார்கள். ‘சேற்றிலிருந்து குழப்பத்துக்கு’ என்பது அத்தொகுப்புப் பெயரின் பொருள். தங்கள் நகரைச் சூழ்ந்திருக்கும் சதுப்புநிலக் காட்டுச் சேற்றையே அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். ஊரையும் மேளத்தையும் மறைக்காமலேயே உலக மேடைக்குப் போக முடியும் என்று அந்தப் பிள்ளைகள் காட்டினார்கள்.

நம்மவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். விக்கு விநாயக்ராமின் கையில் இருப்பது மானாமதுரை மண்ணில் செய்த ஒரு பானை. 1970களில் ‘சக்தி’ குழுவில் ஜான் மெக்லாஃப்லினின் கித்தாருக்கு எதிரே அந்தக் கடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 1991இல் மிக்கி ஹார்ட் தயாரித்த ‘பிளானட் டிரம்’ தொகுப்பில் நைஜீரியாவின் பாபாதுண்டே ஒலாதுஞ்சி, பிரேசிலின் ஐர்டோ மொரேரா, ஜாகிர் உசேன் ஆகியோருடன் வாசித்தார். உலக இசைக்கான கிராமி விருது முதன்முதலாக 1992இல் வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றது அந்தத் தொகுப்புதான். தமிழ்க் கடமும் பிரேசில் மேளமும் ஏற்கெனவே ஒரே தட்டில் சந்தித்துவிட்டன.

ஆனால் கடத்துக்குக் கச்சேரி மேடை முன்பே இருந்தது. உறுமிக்கும் தப்புக்கும் அது இல்லை. சாவு மேளம் என்றும், இன்ன சாதியின் மேளம் என்றும் ஒதுக்கப்பட்டவை அவை. கடல் தாண்டி வந்தும் அந்தப் பழைய அழுக்கை நம்மில் சிலர் இன்னும் கழுவவில்லை. தமிழகத்தில் நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, கானாவையும் பறையையும் ராக் இசையோடு சேர்த்தது. மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அதைவிட நமக்கு அருகிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1988இல் ஜோகூர் பாருவில் சீனச் சமூகத்தைச் சேர்ந்த இருவர் ‘24 பருவ முரசு’ என்ற கலையை உருவாக்கினார்கள். சீன நாட்காட்டியின் 24 பருவங்களுக்கு ஒவ்வொரு முரசு. அதன் முதல் குழு ஃபூன் இயூ உயர்நிலைப் பள்ளியில்தான் தொடங்கியது. அங்கிருந்து பள்ளி பள்ளியாகப் பரவி, 2009இல் தேசிய மரபுச் செல்வமாக அங்கீகாரம் பெற்றது. பழைய முரசுதான், பழைய நாட்காட்டிதான். பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுத்ததும் அது மலேசியாவின் புதுக் கலையாகிவிட்டது. நம் உறுமி மேளமும் இந்த மண்ணில் தோட்டப்புறங்களில் தனி உருவம் பெற்ற கலைதான். அதை எந்தப் பள்ளியின் கையில் கொடுத்தோம்?

பெற்றோர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. சில குழுக்களில் சண்டை, மது, குண்டர் கும்பல் தொடர்பு என்றெல்லாம் செய்தி வருகிறது. அதை மூடி மறைக்க வேண்டாம். ஆனால் அந்தத் தவறு தோலிலும் குச்சியிலும் இல்லை. பொறுப்பான பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்ளும் இடத்தில் பொறுப்பற்றவர்கள் புகுந்துவிடுகிறார்கள். பயிற்சிக்கு ஒரு பள்ளி மண்டபம், ஓர் ஆசிரியர், குறித்த நேரம், வருகைப் பதிவேடு ஆகியவை இருந்தால் அதே பையன்கள் வேறு பிள்ளைகளாகத் தெரிவார்கள். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உண்டு என்பதையும் பெற்றோர்கள் மறக்க வேண்டாம். காற்பந்துக்குக் கிடைக்கும் மதிப்பு உறுமிக்கும் கிடைக்க நாம் கேட்க வேண்டும்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுமை என்ற பெயரில் சினிமா மெட்டுக்குச் சாமி வரிகளைப் போட்டு, கணினி மேளத்தை உச்சத்தில் ஏற்றிவிட்டால் அது கலப்பிசை ஆகிவிடாது. குச்சி தோலில் உரசும்போது எழும் அந்த உறுமல்தான் நம் வாத்தியத்தின் குரல். கீபோர்டின் அடியில் அது புதைந்துவிட்டால் மிஞ்சுவது வெறும் சத்தம். நானாவின் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். புதிய ஒலி எதுவும் வரட்டும், ஆனால் அது பழைய வாத்தியத்துக்கு வழிவிட்டு நிற்க வேண்டும்.

அதற்கு முதலில் பழையது முழுமையாகத் தெரிய வேண்டும். உங்கள் தோட்டத்தில் அந்தக் காலத்தில் மேளம் அடித்த தாத்தா ஒருவர் இருப்பார். தீமிதிக்கு எந்த அடி, சாமி அழைக்க எந்த அடி, ஊர்வலத்துக்கு எந்த அடி என்று அவரைக் கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அவர் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி ஆகியவற்றையும் சேர்த்து எழுதி வையுங்கள். அந்த அடிகளை வாயால் சொல்லிப் பழகுங்கள். மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்று எண்ணிக்கை பிடிபட்டால் கித்தார்காரரோடும் ராப் பாடகரோடும் தயக்கமின்றிச் சேர்ந்து வாசிக்கலாம்.

பள்ளிகள் ஒன்றும் பெரிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு மணி நேரமும் ஒரு மூத்த கலைஞருக்குச் சிறு ஊதியமும் போதும். ஆண்டு இறுதிப் பரிசளிப்பு விழாவில் பத்து நிமிடம் மேடை கொடுங்கள். கோயில் நிர்வாகங்களும் திருவிழாக் கணக்கில் ஒலிப்பதிவுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கலாம். இந்த வட்டாரத் தோட்டங்களின் அடிகளைத் தொகுத்து, நம் பிள்ளைகள் வாசித்த ஓர் இசைத்தொகுப்பு வெளிவந்தால், அது லுக்குட் தமிழர்களின் வரலாற்று ஆவணமாகவும் இருக்கும்.

தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறுகின்றன. லயங்களை நம்மால் காப்பாற்ற முடியவில்லை. அங்கே பிறந்த தாளங்களைக் காப்பாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, நம் பள்ளியில் உறுமி வகுப்பு எப்போது என்று கேட்டால் போதும்.