ரூத்துக்கு முன்னால் ஒருவர்

பேப் ரூத் கையெழுத்திட்ட பந்து ஏலத்துக்கு வந்தால் செய்தியாகிவிடுகிறது. அவருக்கு முன்பு பேஸ்பாலில் மிக அதிக ஹோம் ரன்கள் அடித்திருந்த ரோஜர் கானரின் கையெழுத்தோ கண்ணில் படுவதே அபூர்வம். 1880 முதல் 1897 வரை ஆடி அவர் அடித்தவை 138. இன்றைய நட்சத்திரம் மூன்று பருவங்களில் எட்டிவிடக்கூடிய எண்தான். ஆனால் பந்து மந்தமாகப் பறந்த அந்தக் காலத்தில் அது மலை. 1886-இல் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்துக்கு வெளியே போய் விழும்படி அவர் ஒரு பந்தை விளாச, மயங்கிப்போன பங்குச்சந்தைக்காரர்கள் பணம் திரட்டித் தங்கக் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். கையெழுத்துக்காகப் பந்தை நீட்டும் மோகம் அப்போது இப்படிப் பரவியிருக்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஆறடி மூன்றங்குல மனிதர் போட்டுக் கொடுக்காமலா இருந்திருப்பார்? ஆட்டத்தை விட்டபின் சொந்த ஊரான வாட்டர்பரியில் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்தார். 1921-இல் ரூத் அவரைத் தாண்டியபோது ஆரவாரமே இல்லை. வாழ்நாள் கணக்கைக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் அன்று வேரூன்றவில்லை. 1931-இல் மறைந்த கானருக்குப் புகழரங்கில் இடம் கிடைத்தது 1976-இல். பெயர் பொறிக்காமல் கிடந்த அவர் கல்லறைக்குக் கல் நட்டது 2001-இல்.