பூட்டு உடைந்தது யார் குற்றம்?

கைப்பேசியில் ஒரு கணக்கைத் திறக்கும்போது, "உங்கள் பாஸ்வேர்டு வெளியே கசிந்துவிட்டது, மாற்றுங்கள்" என்று எச்சரிக்கை வருகிறது. 2019 டிசம்பரிலிருந்து குரோம் பிரவுசரில் இந்த ஏற்பாடு இருந்து வருகிறது. இதைக் கண்டு சிலர் நடுங்கிப் போகிறார்கள். பலர், "நம்மிடம் திருட என்ன இருக்கிறது?" என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டும் தவறு என்பதே நமது அபிப்பிராயம்.

திருட என்ன இருக்கிறது? வங்கியில் விழும் கூலி இருக்கிறது. மில்லில் உழைத்துச் சேர்த்த பிராவிடண்ட் பண்டு இருக்கிறது. இவை அற்பமா?

எச்சரிக்கையின் பொருள் உங்கள் கைப்பேசிக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்பதல்ல. எங்கோ ஒரு கம்பெனியிலிருந்து கொள்ளை போன பட்டியலில் உங்கள் பாஸ்வேர்டு காணப்படுகிறது என்பதே. திருடன் அந்தச் சாவியைக் கொண்டு ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்ப்பான். எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி வைத்திருப்பவன் எல்லாவற்றையும் இழப்பான்.

இது பாமர ஜனங்களின் அறியாமையால் வருவது என்று சிலர் பிரசாரம் செய்கிறார்கள். உண்மை என்ன? 2012-ல் அமெரிக்காவின் லிங்க்ட்இன் கம்பெனியில் கொள்ளை நடந்தது. சுமார் 11.7 கோடிப் பேரின் பாஸ்வேர்டுகள் விற்பனைக்கு வந்த விஷயம் 2016 மே மாதம்தான் உலகுக்குத் தெரிந்தது. அடுத்த மாதமே பேஸ்புக் முதலாளி மார்க் ஜுக்கர்பெர்க்கின் ட்விட்டர் கணக்கையே சிலர் கைப்பற்றினார்கள். அந்தப் பட்டியலிலிருந்துதான் சாவி கிடைத்தது என்று அவர்களே சொன்னார்கள். கோடீஸ்வரனே ஒரே சாவியை வைத்திருந்தால், தொழிலாளியை மட்டும் பழிப்பது என்ன நியாயம்?

அதே ஜூனில் லிங்க்ட்இன் கம்பெனியை 2,620 கோடி டாலருக்கு வாங்குவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. கொள்ளை சம்பந்தமான வழக்கிலோ, கம்பெனி 12.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்து கொண்டது. லாபம் அவர்களுக்கு, நஷ்டம் ஜனங்களுக்கு!

நமது நாட்டில் 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பாதுகாப்பில் தவறும் கம்பெனிக்கு ரூ. 250 கோடி வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது சட்டம். ஆனால் அந்தப் பணம் சர்க்கார் கஜானாவுக்குப் போகும். பறிகொடுத்தவனுக்கு நஷ்டஈடு கொடுக்க அச்சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை. பழைய சட்டத்தில் நஷ்டஈடு கோர வழி செய்த 43ஏ பிரிவையும் நீக்கச் சொல்கிறது. இதை எதிர்த்து நாம் குரல் எழுப்ப வேண்டும்.

அதுவரை கைகட்டி நிற்க முடியாது. எச்சரிக்கை வந்தால் அந்தக் கணக்கை நீங்களே திறந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டு வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் மாற்றுங்கள். ஈமெயில், வங்கி, பிராவிடண்ட் பண்டு ஆகியவை முதலில். பிள்ளையின் பெயரும் பிறந்த வருஷமும் வேண்டாம். சம்பந்தமில்லாத நாலு வார்த்தைகளைச் சேர்த்து நீளமாக வையுங்கள். மறந்து போகுமென்றால் நோட்டில் எழுதிப் பெட்டியில் பூட்டுங்கள். எல்லாவற்றுக்கும் ஒன்றே வைப்பதைவிட அது மேல். பிரவுசிங் சென்டரில் "சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, வேலை முடிந்ததும் கணக்கை மூடிவிட்டு எழுந்திருங்கள்.

ஜாக்கிரதை! உண்மையான எச்சரிக்கை உங்களைப் போன் பேசச் சொல்லாது, ஓடிபி கேட்காது. கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.

சங்கக் கிளை ஒவ்வொன்றும் வாரத்தில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்க வேண்டும். விஷயம் தெரிந்த இளந்தோழர்கள் வழி காட்டட்டும். பாஸ்வேர்டை மட்டும் உறுப்பினரே தம் கையால் அடிக்கட்டும்.

பறிகொடுத்தவனுக்கு நஷ்டஈடு கொடு! எச்சரிக்கையைத் தமிழில் சொல்! இவை நமது கோரிக்கைகள். ஒன்றுபட்டுக் கேட்டால்தான் இவை கிடைக்கும்.