மழையும் ட்ரோனும்

நம் மாணாக்கருட் சிலர் விடுமுறைக் காலங்களில் 'ட்ரோன்' என்னும் ஆளில்லாச் சிறுவானூர்தியைப் பறக்கவிட்டு, இயற்கைக் காட்சிகளைப் படம்பிடித்து மகிழ்கின்றனர். இவ்வார்வம் போற்றத்தக்கதே. ஆயின், ஐப்பசி கார்த்திகை மாதங்களின் மழைத்தூறலிலும் அதனை ஏவுதல் பெருந்தீங்கு விளைக்குமென்பது எமது துணிபு.

பொதுமக்கள் வாங்கும் ட்ரோன்கள் பெரும்பாலும் நீர்புகாக் காப்புடையன அல்ல. உள்ளுறுப்புக்களின் வெப்பந் தணியுமாறு அவற்றின் உடலிற் காற்றுத்துளைகள் உள. அவ்வழியே நீரும் புகும். மழையிலும் மூடுபனியிலும் பறக்கவிடலாகாதென டிஜேஐ நிறுவனத்தார் தம் கையேடுகளிலேயே விதித்துள்ளனர். நான்கு சுழலிகளுள் ஒன்று நின்றாலும் ஊர்தி நிலைகுலைந்து வீழும். 30 மீட்டர் உயரத்தினின்று விழும் பொருள், காற்றின் தடையை நீக்கிக் கணக்கிடின், மணிக்கு ஏறக்குறைய 87 கிலோமீட்டர் விரைவோடு தரையைச் சேரும். 'மாவிக் 3' ஊர்தியின் எடையோ 895 கிராம். கீழே நிற்பவர் கதி யாதாகும்?

"ஒருமுறை நனைந்தும் நன்கு பறந்ததே" என்பாருமுளர். எம் கருத்தில், நனைந்து வீழ்ந்ததினும் நனைந்து மீண்டதே அஞ்சத்தக்கது. உட்புகுந்த ஈரம் மின்சுற்றுக்களின் செப்பைச் சிறிது சிறிதாக அரிக்கும். சில நாட் கழித்து, வெயில் நன்கெறிக்கும் வேளையில், மக்கள் கூடிய இடத்தின் மேல் அது செயலிழக்கலாம். லித்தியம் மின்கலத்துள் நீர் புகின் தீப்பற்றவுங் கூடும்.

2022-ல் வெளிவந்த 'மேட்ரிஸ் 30' போன்ற, மழைதாங்கும் ஊர்திகளும் உள. அவை தொழிற்பணிக்கென அமைந்தவை, விலையும் மிகுதி. ஆதலின், வானம் இருண்டால் ஊர்தியை இறக்குக. நனைந்ததைச் சோதியாது மீண்டும் ஏவற்க. ஒரு படத்தின் பொருட்டுப் பிறருயிரைப் பணயம் வைத்தல் கற்றார்க்கு அழகன்று.