விளையாட்டுப் பெட்டியா, கம்ப்யூட்டரா?



பருப்பு விலை, உரிமக் கட்டணம், தராசு முத்திரை என்று எழுதி வந்த நாம், இம்முறை பிள்ளைகள் கேட்கும் ஒரு பெட்டியைப் பற்றி எழுத வேண்டியதாகிவிட்டது. 2024 தீபாவளிச் சரக்கு எடுக்கும் நேரம். பதினைந்து வருடமாக நம்மிடம் கொள்முதல் செய்யும் மளிகைக் கடைக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, இந்தத் தடவை பாதிச் சரக்குப் போதும். பழைய பாக்கியைப் பொங்கல் கழித்துத் தருகிறேன்" என்றார். நாணயம் தவறாதவர். மெல்ல விசாரித்தால், மகனுக்குப் பிளேஸ்டேஷன் 5 வாங்கியிருக்கிறார். பணம் கடை முதலிலிருந்து போயிருக்கிறது. அதே வாரம் நம் வீட்டுப் பேரனும் அதையே கேட்டான். சரி என்று பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தோம்.

அப்போது டிஸ்க் போடும் பெட்டியின் விலை 54,990 ரூபாய். அதே தரத்தில் ஆட்டம் ஓடுகிற கம்ப்யூட்டருக்கு, கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் எல்லாம் சேர்த்து ரிச்சி தெருவில் நமக்குச் சொன்ன விலை 85 ஆயிரம். பெட்டிக்கு வீட்டு டி.வி.யே போதும். ஆக, வாங்குகிற அன்றைக்குப் பெட்டிதான் மலிவு.

ஏன் மலிவு என்று யோசிக்க வேண்டியவர்கள் நாம்தான். ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர் நம் கடைக்கு ஃபிரீசர் தருகிறார். கைக்காசு அதிகம் கேட்பதில்லை. ஆனால் உள்ளே அவர் சரக்கைத் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது. அவருடைய லாபம் ஃபிரீசரில் இல்லை, அதற்குள் போகிற சரக்கில். விளையாட்டுப் பெட்டியும் அதே வியாபாரம்தான். 2006-ல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது அடக்க விலைக்கும் கீழேதான் விற்றார்கள். எக்ஸ்பாக்ஸ் பெட்டியை லாபத்துக்கு விற்றதே கிடையாது என்று மைக்ரோசாப்ட் அதிகாரி 2021-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சியே சொல்லியிருக்கிறார். சர்க்கரையை அசலுக்குக் கொடுத்துப் பருப்பில் பார்க்கிற நமக்கா இது புரியாது?

அவர்களுடைய பருப்பு எது என்றால், ஆட்டங்கள். பிளேஸ்டேஷன் 5-ன் பெரிய ஆட்டங்கள் பல 4,999 ரூபாய் என்று வந்தன. பெட்டிக் கம்பெனி நடத்தும் இன்டர்நெட் கடையில் பிறர் தயாரித்த ஆட்டம் விற்றால், பொதுவாக நூற்றுக்கு 30 கம்பெனிக்கு. போதாக்குறைக்கு, 2013-ல் பிளேஸ்டேஷன் 4 வந்தது முதல், காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தையே இன்டர்நெட் வழியாக நண்பர்களோடு ஆடப் பெரும்பாலும் தனிச் சந்தா கட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் அப்படிப் பொதுவான சந்தா இல்லை. வருடத்துக்கு மூன்று ஆட்டம் என்றாலும் ஐந்து வருடத்தில் 74,985 ரூபாய். பெட்டியோடு 1,29,975. சந்தா இதில் சேரவில்லை.

இதைப் பேரனிடம் காட்டினோம். "தாத்தா, டிஸ்க்கை ஆடி முடித்துவிட்டுப் பாதி விலைக்கு விற்றுவிடலாம்" என்றான். நியாயமான பேச்சு, கணக்கைத் திருத்திக்கொண்டோம். ஆனால் டிஸ்க் டிரைவ் இல்லாமல் வரும் 'டிஜிட்டல்' பெட்டி ஒன்றும் உண்டு. அப்போது அதன் விலை 44,990, அதாவது பத்தாயிரம் குறைவு. டிரைவ் இல்லாதவரை அதில் ஆட்டம் வாங்க அந்தக் கம்பெனியின் கடை ஒன்றுதான். பழைய சரக்கை விற்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. தெருவில் டிஸ்க் விற்றுப் பிழைக்கிற நம் சக வியாபாரிக்கு அங்கே இடமே இல்லை. கடையும் அவர்களுடையது, தராசும் அவர்களுடையது! கம்ப்யூட்டரில் ஸ்டீம் போன்றவர்களும் முப்பது எடுக்கிறார்கள்தான். ஆனால் கடைகள் பல. எபிக் என்ற கம்பெனி 2018 முதல் ஆட்டங்களை இலவசமாகவே கொடுத்து ஆள் பிடிக்கிறது. போட்டி இருக்கும் சந்தையில் விலை பேசலாம்.

பொறுத்திருந்தால் விலை இறங்கும் என்பதும் பழைய கணக்கு. 2000-ல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2009-ல் 99 டாலர் ஆயிற்று. பிளேஸ்டேஷன் 5 அங்கேயே 499-லிருந்து 2025 ஆகஸ்டில் 549 டாலராக ஏறியது.

இனி கடைக் கணக்கு. பில் போட, ஜி.எஸ்.டி. கணக்கு எழுத 85 ஆயிரம் வேண்டாம். நமக்கு 32 ஆயிரத்தில் முடிந்தது. வரி 18 சதவீதம், 5,760 ரூபாய். கடையின் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்கியதால் அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொண்டோம். (காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இது கிடையாது.) வருமான வரியில் தேய்மானம் 40 சதவீதம். விளையாட்டுப் பெட்டிக்கும் வரி அதே 18 சதவீதம்தான். பிள்ளை வீட்டில் ஆடுகிற பொருளுக்குக் கடைப் பெயரில் பில் வாங்கினாலும் ஒரு பைசா கழிக்க முடியாது.

இந்த 32 ஆயிரம் கம்ப்யூட்டரில் பேரன் கேட்கும் ஆட்டம் ஓடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டர் வாங்கித் தந்தால் பிள்ளை ஆடாமல் படிப்பான் என்று நம்புவதும் வீண். ஆட மட்டும்தான் வேண்டும் என்றால் டிஸ்க் போடும் பெட்டியே சரி என்பது நம் முடிவு. பரீட்சை முடிந்ததும் வாங்கினோம், வீட்டுச் செலவுப் பணத்தில். வருடத்துக்கு இரண்டு டிஸ்க் என்று பேச்சு.

நம் கடைக்காரர் சொன்னபடி பொங்கல் கழித்துப் பாக்கியைக் கட்டிவிட்டார். ஆனால் அந்தத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே அவர் கடையில் எண்ணெயும் மைதாவும் தீர்ந்துபோய், வாடிக்கைக்காரர்கள் அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று நாம் அவரிடம் கேட்கவில்லை.